கவிதை வகுப்பில் ஒரு தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? அண்ணி வாங்கிவந்த தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறாயா?

"கவிதை எழுதச் சொல்லித் தர்றதுக்குக்கூட சம்பளமா?" என்று கேட்டாயே, அந்தச் சம்பளத்துக்கு இந்த வாரம் வகுப்பிலேயே தூங்கிவிட்டேன். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. மாணவர்களின் அறுபது கவிதைகளைத் திருத்திவிட்டு மாலை வகுப்புக்குப் போனேன். பகலில் பஸ் ஓட்டிவிட்டு வந்து படிக்கிற இந்த ஊர் டிரைவர் ஒருவர் தன் மொழியில் எழுதிய கவிதையை வாசித்தார். இரண்டாவது வரியில் கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார், என் வீட்டுக்காரி முதல் வரியிலேயே தூங்கிடுவா," என்றார் டிரைவர். பிறகு ஒரு தாளை நீட்டினார். தூக்கத்தில் நான் பேசியதை, நம் மொழி தெரியாத அவர், காதில் விழுந்தபடி தன் எழுத்தில் எழுதிவைத்திருந்தார். "இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'இதோ வந்துட்டேம்மா.'

சும்மா உளறல் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக நான் ஒரு கவிதை வரிகூட எழுதவில்லை, அம்மா. அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அங்கே விட்டுவந்த என் சட்டைகளை அனுப்பும்போது அறுந்த பட்டன்களை நீயே தைத்து அனுப்பு, கடையில் கொடுக்காதே. போனில் கூப்பிட்டால் எடுத்தவுடனே அண்ணனிடம் கொடுத்துவிடாதே. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் உன் காதிலேயே வைத்திரு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் சின்னவன்