கோமளாவின் பறியில் வனாமி

டிசம்பர் 3, செவ்வாய்

"டீச்சர், இறாலு மீனா, பூச்சியா?" ஆறாம் வகுப்பில் சாம்சன் கேட்ட கேள்வி. இரண்டும் இல்லை, நண்டுக்கு உறவுக்காரன் என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சாம்சன்தான் இப்போது தோணிரேவு ஏரிக்கரையில் இறால் வாங்கி, ஐஸ் போட்டுச் சென்னை ஓட்டல்களுக்கு அனுப்புகிறான். இன்று காலை ஒரு கிண்ணத்தில் பத்து இறாலோடு வீட்டுக்கு வந்தான்.

"ஏரி இறாலா, பண்ணை இறாலானு பாத்துச் சொல்லுங்க டீச்சர். கலப்படம்னு ஓட்டல்காரன் கத்துறான்."

பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஏரியில் கிடைக்கும் வெள்ளை இறாலும் சரி, பண்ணைக் குட்டையில் தீனி போட்டு வளர்க்கும் வனாமியும் சரி, ஒரே வெளுப்பு. தலையில் நீண்டிருக்கும் கொம்பில் ரம்பம் போலப் பற்கள் உண்டு. மேல்பக்கத்தை எண்ணிப் பயனில்லை, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளைக்கு நாலு, ஐந்து. வனாமிக்குப் பெரும்பாலும் இரண்டு. சிலசமயம் அதற்கும் நாலு வரும். அப்போது கொம்பின் நீளத்தையும் பார்க்கணும், வெள்ளைக்குத்தான் நீளம்.

லென்ஸ் வைத்து எண்ணினேன். ஆறு வெள்ளை, நாலு வனாமி. ஒரு தாளில் 'நான்கு, பண்ணை இறால்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்தும் ஒருவன் சந்தேகம் கேட்டு வருகிறானே என்ற பூரிப்பு.

யாருடைய இறால் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

கோமளாவுடையது.

இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று; இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அவள் புருஷன் சடையன் வடக்கே ஓர் இறால் பண்ணையில் கூலி. ஊருக்கு இது போதாதா? 'பண்ணையில சுட்டுனு வந்து பொண்டாட்டி பறியில கலக்குறான்' என்று கரை முழுக்கப் பேச்சு. சாம்சன் என் தாளைப் போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். கோமளாவிடம் இனி வாங்க மாட்டானாம். பண்ணைக்காரர் போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறாராம்.

எங்கே ஒரு தேக்சாப் பாத்திரம் காணாமல் போனாலும் முதலில் வலையும் படகும் இல்லாத இவர்கள் குடிசையில்தான் தேடுவார்கள். இப்போது அதற்கு என் கையெழுத்தும் துணை.

டிசம்பர் 5, வியாழன்

சாம்சனிடமிருந்து அந்த நாலையும் வாங்கி வந்து மறுபடி எண்ணினேன். கீழே இரண்டுதான். எண்ணிக்கையில் பிழை இல்லை. பிறகு ஏன் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன்?

டிசம்பர் 6, வெள்ளி

கோமளா வீட்டுக்குப் போனேன். வா என்று சொல்லவில்லை.

"இறாலு பல்ல எண்ணீங்களே டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். சடையன்தான் நடந்ததைச் சொன்னான். "போன மாச மழையில பண்ணைக் கரை ஒடஞ்சிச்சு டீச்சர். நாங்கதான் மண்ணு மூட்டை போட்டோம். பாதிக் குட்டை இறாலோட ஏரிக்குள்ள பூட்ச்சு. வெளிய சொல்லாதீங்கடானு ஓனரு சொன்னாரு."

"சொன்னா நம்பவா போறாங்க?" என்றாள் கோமளா. "தண்ணில எறங்குங்க. நான் புடிக்கிறத நீங்களே எண்ணுங்க."

இறங்கினேன். அறுபத்தாறு வயது முழங்கால். சேறு செருப்பில் ஒன்றை வைத்துக்கொண்டது. கோமளா வாயில் பறி இருந்ததால் பேச்சில்லை, புருவத்தாலேயே 'இப்படி வா, அங்கே மிதிக்காதே' என்றாள். பிடித்த ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் வைத்தாள். முதல் ஐந்தும் வெள்ளை. ஆறாவது துள்ளியது. கீழே இரண்டு பல். சேற்றிலிருந்து வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா டீச்சர், இதையும் நான் பண்ணையிலேர்ந்தா எடுத்தேன்?"

வனாமி என்பது ஜாதி. பண்ணை என்பது இடம். உடம்பைப் பார்த்துவிட்டு இடத்தை எழுதிவிட்டேனே! கூண்டிலிருந்து தப்பிய கிளி மரத்தில் உட்கார்ந்திருந்தால், மூக்கைப் பார்த்து எந்தக் கிளி என்று சொல்லலாம். எங்கே பிடித்தார்கள் என்று மூக்கு சொல்லுமா? முப்பத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவள் நான்.

டிசம்பர் 7, சனி

ஏலம் நடக்கும் நேரத்துக்குக் கரைக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் புதிய தாளைப் படித்தேன்: 'நான்கும் வனாமி. பண்ணையிலிருந்து எடுத்தது என்று நான் எழுதியது தவறு. ஏரியில் கோமளா கையால் ஒரு வனாமியைப் பிடித்ததை நானே பார்த்தேன்.'

"மொதோ தாள்லயும் ஒங்க கையெழுத்துதான டீச்சர் இருக்குது?" என்றான் சாம்சன்.

"இருக்குடா. இதுலயும் இருக்கு. இதையும் படம் புடிச்சு அனுப்பு."

யாரோ சிரித்தார்கள். "டீச்சரே இம்போசிஷன் எழுதினு வந்துக்கீறாங்க." சிரிக்கட்டும்.

பின்னாலிருந்து படகுக்காரர் தேவேந்திரன் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "எங்க வலையிலயும் பத்து நாளா வருது. சொன்னா எங்களையும் திருடன்னுவாங்கனு கொழம்பு வெச்சித் துன்னுட்டோம்."

"நானும்தான்" என்று இன்னொரு குரல். அதற்குப் பிறகு நாலைந்து குரல். சாம்சன் தலையைச் சொறிந்தான்.

கோமளா பறியை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போய்விட்டாள்.

டிசம்பர் 9, திங்கள்

பண்ணைக்காரர் புகார் எழுதவில்லையாம். எழுதினால் கரை உடைந்ததையும் எழுத வேண்டுமே.

டிசம்பர் 14, சனி

சாம்சன் இரண்டு டப் வைத்திருக்கிறான். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் வனாமி. இரண்டும் ஏரியில் பிடித்தவை, இரண்டையும் பெயர் சொல்லியே அனுப்புகிறான். பிரித்துப் போட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். லென்ஸோடு போனேன். அங்கே கோமளா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், சாம்சனே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தானாம்.

அவள் எண்ணவில்லை. எடுக்கிறாள், விரலால் ஒரு அழுத்து, போடுகிறாள். "மேல்தோடு மெல்லிசா இருக்குது பாருங்க, அதான் வனாமி." இருபதை எடுத்து நான் பல் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது சரி. மீதி ஒன்றுக்குக் கொம்பு ஒடிந்திருந்தது. அவள் தப்பா, நான் தப்பா, தெரியவில்லை.

"ஒக்காருங்க டீச்சர்" என்று தன் பலகையில் கொஞ்சம் நகர்ந்தாள்.

எனக்கு நானே எழுதிக்கொள்ளும் இம்போசிஷன்: இனி இறால் வாங்கினால், தலையைக் கிள்ளி எறியும் முன் கொம்பின் கீழ்ப்பக்கப் பற்களை எண்ணிப் பார். எங்கே பிடித்தது என்பதைப் பிடித்தவரிடம் கேள்.