திரும்பும் தேதி

1984 மார்ச் 9, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நான் எழுதிய பொய்யையும் சேர்த்து.

அப்பா திங்கட்கிழமை இந்தியாவுக்கு, திருச்சியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறார். வேலை தேடிப் பார்த்துவிட்டு வருவாராம். போன வருடக் கலவரத்தில் எங்கள் கடையை எரித்ததிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

இந்தியக் காசு மாற்றித் தர நகைக்கடைக்காரர் கூடுதலாகக் கேட்டதால், மாத்தளையில் வங்கிக்குப் போனோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘திரும்பும் தேதி’ என்ன என்று கேட்டேன். அப்பா கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.

“தேதி இல்லாம மாத்த ஏலாது, மகள்,” என்றார் வங்கி ஐயா.

“ஏதாச்சும் ஒன்னப் போடும்மா,” என்றார் அப்பா.

என் பிறந்தநாளைப் போட்டேன்.

“மிச்சக் காச இங்கயே கொண்டாங்க. திருப்பி மாத்தித் தாறேன்,” என்றார் ஐயா.

“மிஞ்சாதுங்க,” என்று அப்பா சிரித்தார்.

எங்கிருந்து கிளம்பினாலும் “போயிட்டு வாறேங்க” என்றுதான் சொல்லுவார். இன்று “அப்ப போறேங்க” என்றார். வழியெல்லாம் அதுவே காதில் கேட்டது.

பக்கத்து அறையில் இன்னும் விழித்திருக்கிறார். இருமல் கேட்கிறது. என் பிறந்தநாளுக்கு வருவீங்களா என்று எழுந்துபோய்க் கேட்கலாம் என்றிருந்தேன்.

அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.