மாமாவுக்கு ஆகாத வாசனை

மாமா, இன்று காலை ஆஸ்டின் டவுன் மளிகைக் கடையில் யாரோ பாச்சை உருண்டைப் பாக்கெட்டைப் பிரித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். வாங்கிய பருப்பு அங்கேயே கிடந்தது.

நீங்களும் இப்படித்தான் ஓடுவீர்கள். அம்மா பீரோவைத் திறந்தால் போதும், காபி டம்ளரோடு வாசலுக்குப் போய்விடுவீர்கள். கேட்டால், "எனக்கும் அதுக்கும் ஆகாதும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். உங்கள் வீட்டில் பாச்சை உருண்டையே கிடையாது. அதனால் பூச்சி அரித்த ஸ்வெட்டரோடு பொம்மசந்திரா கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பீர்கள். மாமாவுக்குக் காற்றோட்டம் தேவை என்று நான் கிண்டல் செய்வேன். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய மறு வருஷம் இவன் பிறந்தான். யார் ஜாடை என்று வீட்டில் ஒரே வழக்கு. அம்மா உங்கள் மூக்கைத் தேடித் தேடிப் பார்த்து ஏமாந்து போனாள்.

வீட்டுக்கு வந்த சில நாளிலேயே குழந்தை மஞ்சளாகிவிட்டான். தொம்மலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து நீல விளக்கின் கீழே வைத்தார்கள். அப்படியும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். எனக்கு உயிரே இல்லை.

அப்போதுதான் அந்த இளம் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் சாப்பிட்ட மாத்திரைகள், என் ரத்த வகை, சொந்தத்தில் கல்யாணமா, அக்கா பிள்ளைக்கு மஞ்சள் வந்ததா என்று வரன் பார்க்க வந்தவள் மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். பிள்ளை இந்த நிலையில் கிடக்க இவளுக்கு வம்சக் கதை வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுக்கு நடுவே, பால் கொடுக்கும்போது இவனைச் சுற்றும் துணியை எடுத்து முகர்ந்தாள்.

அது அக்கா பையனுடைய பழைய துணி. பிறந்த குழந்தைக்குப் புதுசு ஆகாது, நன்றாக வளர்ந்த பிள்ளையின் துணிதான் முதலில் என்று அம்மா பல வருஷமாக பீரோவில் வைத்திருந்தாள்.

"பாச்சை உருண்டை வாசனை வருதே. உங்க அம்மா பக்கம் ஆம்பளைங்க யாருக்காவது இது ஆகாதா?"

அம்மாதான் பதில் சொன்னாள்.

"என் தம்பிக்கு ஆகாது. ஒருவாட்டி மலேரியா மாத்திரை போட்டான், ஒண்ணுக்கு டிகாஷன் மாதிரி போச்சு, கண்ணெல்லாம் மஞ்சள். டாக்டர் என்னமோ சொல்லி அனுப்பினார், அதுலேருந்து பாச்சை உருண்டையையும் தொடமாட்டான்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. துணிகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினாள். சந்தேகப்பட்டது சரிதான். ரத்தத்தில் ஏதோ ஒன்று குறைவாம், அந்த நெடி பட்டால் ரத்த அணுக்கள் உடையுமாம். அம்மாக்கள் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருமாம். என் கையாலேயே போர்த்தினேனே என்று அம்மா அழுதாள். நீங்க சொன்னதாலதான் தெரிஞ்சுது என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் மெல்ல இறங்கியது. ரத்தம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு எவ்வளவு தெரியும் மாமா? உங்கள் ஒருவரோடு முடிகிற சங்கதி என்று நினைத்தீர்களா? உங்கள் டாக்டர் என்னதான் சொன்னார்? ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உங்களைக் கேட்க எனக்கு ஆயிரம் இருக்கிறது. இப்போது யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நானே வம்சக் கதையைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்த நெடி ஏறாத கம்பளித் துணி உங்கள் ஸ்வெட்டர் ஒன்றுதான். குளிருக்கு அதைத்தான் இவனுக்குப் போர்த்துகிறோம். ஓட்டைக்குள் விரலை விட்டு, அது எங்கே போய் வெளியே வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறான். பையன் யார் ஜாடை என்று கேட்கிறவர்களிடம் அம்மா இப்போது மூக்கைத் தேடுவதே இல்லை. "என் தம்பிதான்" என்கிறாள்.