செத்த மீனின் நிறம்

மண்டபம்,
12-3-1957

அன்புள்ள அப்பாவுக்கு வியாகுலமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் முட்டிவலியும் குறைந்தனவா?

நான் வேலை செய்யும் வீட்டு ஐயா பவளப்பாறை மீன்களை ஆள் வைத்துப் படமாக வரையச் சொல்லிச் சேர்க்கிறார். செத்தால் நிறம் போய்விடும் என்பதால் உயிரோடிருக்கும்போதே வரைய வேண்டும். நேற்று வந்த உள்ளங்கையளவு மீன், படம் வரைபவர் வருவதற்குள் செத்துச் சாம்பலாக வெளுத்துவிட்டது.

"இதோட நிறத்த யாராச்சும் பாத்தீங்களா?" என்று ஐயா கேட்டார்.

காப்பியோடு கதவோரம் நின்ற நான் எப்படியோ வாய் திறந்துவிட்டேன். "மஞ்ச ஒடம்புங்க. கண்ணு மேல கறுப்புப் பட்டை. முதுகுல நீலக் கோடு, ஏழுங்க."

"அப்ப நீயே தீட்டு, பாப்போம்."

தீட்டினேன். இன்று காலை அதே சாதி மீன் உயிரோடு வந்தது. என் படத்தைத் தொட்டியருகே பிடித்துக் கோடுகளை எண்ணினார்கள். ஏழேதான் அப்பா.

இனித் தினமும் என்னைத் தீட்டச் சொல்கிறார் ஐயா. ஆனால் உங்கள் சம்மதம் வேண்டுமாம். ஒரு வரி எழுதுங்கள்.

ஆவூர் மாதா கோயில் தேருக்கு நீங்கள் வண்ணம் அடித்தபோது, அதிலிருந்த தேவதூதச் சம்மனசின் சிறகில் நான் நீலம் தீட்டியதற்காகப் பிடுங்கி வைத்தீர்களே, அந்த அணில்மயிர்த் தூரிகையையும் அனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலைத்துணியில் சுற்றி அனுப்பினால் நல்லது.

"இப்படி ஒரு நீலம் எங்கடி இருக்கு?" என்று அன்று கேட்டீர்கள். இங்கே தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கிறது அப்பா.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
வியாகுலமேரி