இருப்பு வைக்கக் கூடாத சரக்கு

போடி. ஐப்பசி, செவ்வாய் இரவு.

தீபாவளித் தள்ளுபடியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு மொத்தமாக வாங்கிய மெமரி கார்டுகள் இன்று வந்தன. என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏலக்காய் தரம் பிரிக்கிற எங்க சல்லடையில இது நிக்காதே. கீழ விழுகுற பொடிக் காய்க்கு ஏது விலை?"

"அளவு பழைய கார்டு அளவுதாங்க. ஆனா அதைவிட நாலு மடங்கு படமும் பாட்டும் கொள்ளும். சிப்புக்குள்ள வருசா வருசம் நெருக்கி நெருக்கி அடைச்சுக்கிட்டே போறாக."

"அப்ப வர்ற வருசம்?"

"இன்னும் நெருக்குவாக. இதே விலைக்கு இதைவிடக் கூடக் கொள்ளும்."

"இது?"

"விலை இறங்கிரும்."

"பெறகு எதுக்கு இம்புட்டு வாங்கி அடுக்கியிருக்க?"

விலை ஏறட்டும் என்று அவர் ஓர் அறை நிறைய மூட்டை போட்டு வைத்திருப்பதை வருடக்கணக்காகத் திட்டுகிறவள் நான். அவர் சிரிக்கக்கூட இல்லை. ஒரு கார்டைப் பிரித்துத் தன் போனில் போட்டுக்கொண்டார்.

"இருப்புல ஒண்ணு கொறஞ்சிருச்சு" என்றார்.

அதை நினைத்து இப்போது எனக்குத்தான் சிரிப்பு வருகிறது. வீடு முழுக்க ஏலக்காய் மணம். இன்று மட்டும் அதற்காக நான் அவரைத் திட்டவில்லை.