துவைத்து அனுப்பிய சட்டை

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட ஜெபத்துக்கும் அதைவிட நீண்ட யோசனைக்கும் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இன்று முதல் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

இது முதல் படி. அடுத்து கோபத்தை விட வேண்டும். உன் பேரனின் ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று உன் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தாய். அவள் கல்யாணத்தில், ஒரு நாற்காலி விஷயத்துக்காக, மாப்பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு வெளியே போனவன் நான். அதன்பின் கோயிலில் திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்கப் போனதில்லை. பரிசுத்தரான தேவன் முன்னால் குழந்தையை ஏந்தி, பிசாசின் கிரியைகளை வெறுத்துவிடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? முதலில் என்னைச் சுத்தப்படுத்திக்கொள்கிறேன். ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

வழக்கம்போல் சலவைக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

சர்க்கரைச் செய்தியைக் கடையில் உரக்கப் படித்தேன். இஸ்திரி போடுகிறவர் மரியாதைக்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

சட்டை வந்தது. சலவைக்கடை வைத்திருக்கிற அக்காவுக்குத் துவைத்த சட்டையை அனுப்புகிற ஒரே ஜீவன் நீதான். கேட்டால், "அழுக்கா அனுப்பினா நீ என்ன நினைப்பே?" என்பாய். நான் என்னடா நினைக்கப்போகிறேன்? அழுக்குத் துணி வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று நினைப்பேன். இந்த முறை காலரில் ரத்தக்கறை. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டாயா? வெந்நீர் ஊற்றித் தேய்த்திருக்கிறாய். கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உன் கை படாமல் வந்திருந்தால் பச்சைத் தண்ணீரிலேயே போயிருக்கும்.

ஆண்டவரிடமும் இதே வேலையைத்தான் காட்டுகிறாய். குளித்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன் என்று எவனாவது சொல்வானா? இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு ஞானஸ்நானம். தள்ளிவைக்க மாட்டோம்.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கிண்டல் புரிகிறது. நீ என்னை உள்ளே பார்த்ததில்லை. கோபத்தை விட்ட மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் என் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றுதான் கேட்டேன். மனதுக்குள் அவரைக் கொன்றுவிட்டேன். அதைவிட மோசம், அப்படிக் கேட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒன்றைத் தேய்த்தால் பக்கத்தில் இன்னொன்று. எனக்கே என்மேல் சலிப்பாக இருக்கிறது.

என் இடத்தில் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவரை நிறுத்திவிடுங்கள். அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. காது மந்தம்.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை மகளிடம் காட்டினேன். "மாமா சுத்தமாயிட்டு வர்றதுக்குள்ள இவனுக்கே கல்யாணம் ஆயிடும்மா. திட்டு வாங்கின மனுஷனே வரச்சொல்றாரு, அப்புறம் என்ன? மாமா வரலேன்னா அந்த இடம் காலியாவே இருக்கட்டும். வேற யாரும் வேண்டாம்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். அழுததை உனக்கு எழுதக் கூடாது என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

ஆராதனை காலை ஒன்பது மணிக்கு. இருக்கிறபடியே வா. இனி உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்துசேர்ந்தேன்.

கோயில் வாசலில் டாக்சிக்காரரிடம் நான் போட்ட சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அந்த வாயோடுதான் போதகர் முன்னால் நின்றேன். 'வெறுத்துவிடுகிறேன்' என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது. ஆர்கன்காரரைத் தவிர எல்லாரும் கேட்டிருப்பீர்கள். திருவிருந்துக்கு அழைத்தபோது எழுந்திருக்காமல்தான் இருந்தேன். மாப்பிள்ளை வந்து முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "வரிசை நகருது மாமா, நடங்க" என்றார்.

குழந்தை பால் கக்கிய சட்டையை அனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை.

தம்பி