நாற்பத்தொன்றாம் எண் நீலச் சட்டை

அக்கா,

லான்மடாவ் நடைபாதையில், எக்ஸ்போர்ட்டில் தள்ளிவிட்ட துணிகளைக் குவித்து விற்கிறவனிடம் நேற்று மாலை உன் சட்டை கிடைத்தது. நீலம். முதுகில் நாற்பத்தொன்று. தார்ப்பாய் விரிப்பில், குழந்தைகளின் கால்சட்டைகளுக்கும் பை அறுந்த ஒரு மழைக்கோட்டுக்கும் நடுவில் கிடந்தது. எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோனேன். ஆவி இஸ்திரி பட்ட பாலியஸ்டர் வாசம் இந்த மழை ஈரத்திலும் போகவில்லை. பிறகு நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: உட்புறமாகப் புரட்டி எண்ணின் தையலைப் பார்த்தேன். கடைக்காரன் சிரித்தான். வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், ஃபேக்டரிக்காரிகள்தான் குடலைப் பார்ப்பார்கள் என்று பர்மியில் சொன்னான்.

உன் தையல்தான். நாலின் உள்மூலையில் திரும்பும்போது ஊசியை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூச்சு நிற்பாய். அந்த இடத்தில் நூல் கொஞ்சம் இறுகியிருக்கும். இதிலும் இறுகியிருக்கிறது. அதற்கு அப்புறம் கோடு விலகி, எண்ணின் விளிம்பை விட்டே வெளியே ஓடியிருக்கிறது. இது என் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று நேற்றிலிருந்து குடைந்துகொண்டிருக்கிறேன். சட்டையைக் கட்டிலில் போட்டேன், மடித்தேன், பிரித்தேன், ஆணியில் மாட்டினேன். எங்கே வைத்தாலும் சரியாக இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய்தான். அதற்குள் இரண்டு தரம் எழுந்துவிட்டேன்.

லைங் தாயாவில் நம் ஃபேக்டரிக்கு ஜப்பானிலிருந்து பேஸ்பால் சட்டை ஆர்டர் வந்த புதிதில், அது என்ன விளையாட்டென்று நம்மில் ஒருத்திக்கும் தெரியாது. ஆடுகிறவர்களுக்கான சட்டை இல்லை அது, மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வதற்கு. உன் லைனுக்கு நீலம், என் லைனுக்குச் சிவப்பு. அந்த அணிகளின் பெயர்கள் நம் வாயில் நுழையாததால் கடைசிவரை நீலம், சிவப்பு என்றே சொன்னோம். யார் எந்த நிறத்தைத் தைக்கிறாளோ அவள் அந்தக் கட்சி. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. நாள் முழுக்க ஒரே நிறத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தால் அது நம்முடையதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

பொத்தான் மெஷினில் இருந்த மா கைனின் அண்ணன் ஜப்பானில் வேலைக்குப் போன பிறகு நமக்கு ஆட்டமும் கிடைத்தது. அங்கே இரவு ஆட்டம் முடிகிற நேரம் இங்கே நமக்கு வேலை முடிந்து ஃபேக்டரியின் ஃபெர்ரி பஸ்ஸில் வீடு திரும்புகிற நேரம். அண்ணன் தன் அறை டிவியைப் போனில் காட்டுவார். மா கைன் வி.பி.என்.னோடு மல்லுக்கட்டி, படம் வந்ததும் போனை முன்சீட்டின் முதுகில் சாய்த்து வைப்பாள். பயின்னாவுங் பாலத்தில் பஸ் ஊர ஆரம்பித்தால் டிரைவரைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். நீலமும் சிவப்பும் மோதுகிற நாளில் நம் இருவருக்கும் பந்தயம் உண்டு. தோற்றவள் ஒரு வாரம் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்காமல் என் முகத்தையே பார்த்துச் சிரிப்பாய். அதுதான் எனக்கு எரியும்.

விதிகள் ஏதோ அரைகுறையாகப் புரிந்தன. எறிகிறவன் ஒருவன், அடிக்கிறவன் ஒருவன். அடிக்கிறவன் மூன்று தரம் தவறவிட்டால் வெளியே. அதற்கு மேல் தெரியாத இடங்களை நாமே ஆர்டரை வைத்து நிரப்பிக்கொண்டோம். எந்த எண்ணுக்கு அதிகச் சட்டை கேட்டு வருகிறதோ அவன்தான் பெரிய ஆட்டக்காரன். எண்ணிக்கை சரிந்தால் அவன் கதை முடிந்தது. மா கைனின் அண்ணன் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். நாம் மாற்றிக்கொள்ளவில்லை.

நாற்பத்தொன்று உன் ஆள். இடது கைக்காரன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நெற்றியைத் துடைத்து, தொப்பியை இறக்கி, தோளை ஒரு சுற்றுச் சுற்றுவான். ஒரு காலத்தில் அவன் பந்தை யாராலும் தொட முடியாதாம். நாம் பார்க்க ஆரம்பித்தபோது யார் வேண்டுமானாலும் தொட்டார்கள். போன வருஷம் மூன்றாம் இடத்துக்கு நீலமும் சிவப்பும் முட்டிக்கொண்டு நின்றன. மூன்றாம் இடத்துக்குள் வந்தால்தான் மேலே போக முடியும். அப்படிப்பட்ட நேரத்திலும் அந்த ஆளை இறக்கினார்கள். அவன் அடி வாங்க வாங்க பஸ்ஸில் நீலக் கட்சிக்காரிகளே திட்டினார்கள். நான் சும்மா விடுவேனா? கிழவனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பந்து தானாக உருண்டு போகும் என்றேன்.

"வேகம் போச்சு, புத்தி போகலடி," என்றாய் நீ.

புத்தியை வைத்தா எறிகிறான், கையை வைத்துத்தானே என்றேன். நீ கோபப்படவில்லை. மடியிலிருந்த உன் இடது கையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அவன் விட்டாத்தான் நானும் மெஷினை விடுவேன், பார்த்துக்க," என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உன் விரல்களைப் பார்த்துவிட்டேன்.

சர்க்கரை உன் விரல் நுனிகளை மரத்துப்போக வைத்திருந்தது. ஊசி குத்தினாலும் தெரியாத நிலை. நேர்க்கோட்டில் பிழையில்லை, நாலின் மூலையில்தான் துணி கையிலிருந்து நழுவும். அதற்குள் என்னைச் செக்கிங் மேஜைக்கு மாற்றி, இரண்டு லைனின் எண்களையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். விலகிய தையலைக் கண்டால் தைத்தவளின் பெயரில் குறி போட வேண்டும். குறி சேர்ந்தால் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டுகிற இடத்தில் நிற்க வைத்துவிடுவார்கள். நீ அங்கே நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உன் நாற்பத்தொன்றுகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மூலையைப் பிரித்து நானே தைத்தேன். மாலையில் பஸ்ஸில் ஏறியதும் உன் கிழவனைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். வாயால் அவனை வெளியே தள்ளிக்கொண்டே கையால் உன்னை உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கும் தெரியாது என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். ஒரு மாதம் ஓய்வு எடுத்துவிட்டு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போனாய். உன் மெஷினில் வேறு ஒருத்தியை உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் இரண்டாகி, இரண்டு மூன்றானது.

மழை ஓய்கிற சமயம் ஃபேக்டரிக்கு அவசர ஆர்டர் ஒன்று வந்தது. நீலம், நாற்பத்தொன்று. மற்ற எண்கள் எல்லாம் நின்றுபோய் அந்த ஒரே எண் இரண்டு லைனுக்கும் வந்தது. முதல் தடவையாகச் சிவப்பு லைன் நீலம் தைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை; கிழவன் எழுந்துவிட்டான், உன் கணக்கே சரி என்று நினைத்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் மா கைன்தான் விஷயத்தைச் சொன்னாள். அவன் விலகுவதாக அறிவித்துவிட்டானாம். இந்த சீசனோடு சரி. ஜனங்கள் அவனை வழியனுப்பத்தான் அந்தச் சட்டையைக் கேட்கிறார்களாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். நாலாவது மாடியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து மணி அடித்தேன். வழக்கமாக நீ மேலிருந்து ஏதாவது கேலி சொல்லித்தான் அதே கயிற்றில் கதவுச் சாவியை இறக்குவாய். அன்றைக்கு உன் வீட்டுக்காரர் இறக்கினார். மின்சாரம் இல்லை. நீ தரையில் பாயில் படுத்து, நின்றுபோன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கன்னத்தில் யாரோ தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிவிட்டிருந்தார்கள், ஒரு பக்கம் அதிகமாக. நான் உட்காருவதற்குள் ஆர்டர் என்ன வந்திருக்கிறது என்று கேட்டாய்.

படி ஏறும்போதே நான் என் பொய்யைத் தைத்து முடித்திருந்தேன். நாற்பத்தொன்றுக்கு ஆர்டர் கொட்டுகிறது, சிவப்பு லைனே உன் ஆளுக்குத்தான் தைக்கிறது என்றேன். அதுவரை எல்லாம் உண்மை.

"அப்ப அடுத்த வருசமும் ஆடுவானா?"

"ஆடுவான்க்கா. கை திரும்பிருச்சாம்."

உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வீங்கிய கண்கள் சின்னதாகி, பஸ்ஸில் என்னை எரிச்சல் படுத்துகிற அதே சிரிப்பு வந்தது. எழுந்து உட்காரப் பார்த்தாய், முடியவில்லை. நான் தோளைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன்.

"தோத்தேன்னு சொல்லு," என்றாய்.

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுடி. அவருக்கும் கேக்கட்டும்."

அடுப்படியில் இருந்த உன் வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். ஜன்னல் சீட்டு இனி உன்னுடையது, வாரக் கணக்கு இல்லை, நீ வந்து உட்காருகிற வரை நான் அதில் உட்கார மாட்டேன் என்றும் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல்களுக்கு என் கை தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. படியிறங்கும்போது அழுதேன், ஆனால் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்கிற திருப்தி.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன்னை எரித்துவிட்டு வந்த சில நாளில் அந்தக் கடைசி ஆட்டம் வந்தது. நீலமும் சிவப்பும். தடிஞ்யுட் பண்டிகை விளக்குகள் அங்கங்கே ஏற்ற ஆரம்பித்திருந்த நேரம், பஸ் பாலத்தில் நின்றுவிட்டது. மைதானம் முழுக்க நம் நாற்பத்தொன்றுகள். யார் தைத்தது எது என்று தேடுகிற மாதிரி எல்லோரும் போன்மேல் கவிழ்ந்துகொண்டோம். உன் கிழவனை ஒரே ஒருவனுக்குப் பந்து எறிவதற்காக மட்டும் இறக்கினார்கள். எதிரே என் கட்சிக்காரன், சிவப்பு அணியிலேயே பலசாலி. நெற்றியைத் துடைத்தான், தொப்பியை இறக்கினான், தோளைச் சுற்றினான். எறிந்த பந்து நானே அடித்துவிடலாம் போல அவ்வளவு மெதுவாக வந்தது. என் ஆள் மட்டையை முழு பலத்தோடு சுழற்றினான், படவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குச் சுழற்றிய வேகத்தில் ஒரு முழங்காலே மண்ணில் பட்டது. எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, குனிந்து வணங்கினான். கிழவன் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

பஸ்ஸில் ஒரே சண்டை. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான், இது ஏமாற்று வேலை என்று பின்சீட்டுக்காரிகள் கத்தினார்கள். விலகுகிறவனுக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை உண்டு என்று அண்ணன் போனில் விளக்கினார். எறிகிறவனுக்கும் அது தெரியுமாம். தெரிந்துகொண்டே எறிவானாம். நான் அந்த மட்டைக்காரனின் முழங்கால் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் நானும் உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து செய்துவிட்டு வந்தேன் என்று தோன்றியது. மனசு தாங்காமல் மா கைனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அடுத்த வருஷமும் ஆடுவான் என்று சொல்லித்தான் அக்காவை அனுப்பி வைத்தேன் என்றேன்.

மா கைன் என்னை விநோதமாகப் பார்த்தாள். அக்காவுக்குத்தான் தெரியுமே என்றாள். அவள் பஸ்ஸில் எங்களிடம் சொன்ன அன்று ராத்திரியே நீ அவளுக்குப் போன் போட்டு அவனைப் பற்றிக் கேட்டாயாம். அவளும் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டாளாம். நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன், உனக்கு விஷயம் தெரியும் என்று என்னிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். நீ பர்மியில் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள், எனக்கு அது உன் குரலில் தமிழில்தான் கேட்டது.

"என் நாலைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறவ அவ. இதையும் தச்சுத்தான் கொண்டாருவா. கொண்டாரட்டும்."

ஆக, மட்டையைச் சுழற்றியது நான் இல்லை, அக்கா. நீதான். அந்த மலர்ந்த முகமும், எழுந்து உட்காரப் பார்த்ததும், சத்தமாகச் சொல்லச் சொன்னதும் எனக்காக. உயிர் போகிற நேரத்தில் எனக்கு ஒரு ஜெயிப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். நான் அழுததைவிட அதிகமாக உன்மேல் கோபப்பட்டேன். ஒரு வருஷமாகியும் அது ஆறவில்லை. இப்போதும் சீசனின் கடைசி ஆட்டங்கள் நடக்கின்றன, மூன்றாம் இடத்துக்கு அதே முட்டல், வேறு ஏதோ கிழவனை உட்கார வைக்கச் சொல்லி அதே கூச்சல். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாலும் எனக்குப் பொருந்தவில்லை, பக்கத்துச் சீட்டிலும் பொருந்தவில்லை. பாதி வழி நின்றுகொண்டே வருகிறேன்.

இந்தச் சட்டை எப்படித் தப்பியது என்பதும் இதை எழுதுகையில்தான் விளங்குகிறது. என் கண்ணுக்குத் தப்பவில்லை. நீதான் என் மேஜைக்கு வராமல் நேராகத் தைத்து முடிந்த சட்டைக் கட்டோடு சேர்த்து அனுப்பியிருக்கிறாய். கடைசிச் சோதனையில் தள்ளுவார்கள், உன் பெயரில் குறி விழும் என்று தெரிந்தேதான். ஒன்றாவது உன் கையோடேயே போகட்டும் என்று நினைத்திருப்பாய். கேட்டால் இல்லை என்பாய்.

நூல் வெட்டும் கத்தரி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மூலையைப் பிரிக்கச் சொல்லி என் விரல் பரபரக்கிறது. பிரிக்கப் போவதில்லை. நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் ஃபெர்ரியில் ஏறப் போகிறேன், கோணல் நாலு முதுகில் தெரிய. சிவப்புக் கட்சிக்காரி நீலச் சட்டையில் வந்தால் அந்தப் பஸ் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். பேசட்டும். யார் தைத்தது என்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.